பேனரில் சிரித்த பெண்

போன செவ்வாய்க்கிழமை மீன்காரம்மா என் வாசலில் கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே போனை நீட்டினார்.

"யக்கா, இத்த கொஞ்சம் பாரு. நேத்து பொண்ணு அனுப்ச்சிகீது. இன்னா ஏதுன்னு எனக்கு ஒண்ணும் புரில."

எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வருகிறவர். மகள் ராணுவத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தக் குப்பத்தில் யூனிஃபார்ம் போட்ட முதல் பெண்!

பார்த்தேன். அவள் பெயரில் யாரோ தொடங்கிய போலிக் கணக்கு. முதல் படத்தில் முகம் அவளுடையது... உடம்பு அவளுடையது இல்லை.

அடுத்த படத்தில் ஆபாசம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கேம்ப்பில் சாப்பாட்டு வரிசை. தட்டோடு நிற்கிறாள். பின்னாலிருந்து எடுத்தது; முந்தின நாள் காலைத் தேதி போட்டிருந்தது. கீழே இந்தியில் ஏதோ ஒரு வரி. மொழிபெயர்ப்பு பட்டனைத் தட்டினேன்.

'இன்றைக்கு உன் பின்னால்தான் நின்றேன்.'

யார் இவன்? பயிற்சியில் கூட ஓடுகிறவனா? இவளிடம் சல்யூட் வாங்குகிறவனா? நாளைக்கு இவள் எந்தத் தைரியத்தில் அந்த வரிசையில் போய் நிற்பாள்?

படித்துச் சொன்னேன். மீன்காரம்மா கூடையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பார்டர்ல குண்டு கிண்டு வுழுமோன்னுதான் பயந்துகினு இருந்தேன்க்கா. கூட துன்றவனுக்குமா பயப்படணும்?"

அந்த முதல் படத்தை மறுபடி பார்த்தேன். எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஓரத்தில் ரோஜாப்பூ டிசைன்கூட அப்படியே இருந்தது... ஐயோ, நம் பேனர்!

நம் ஏரியா வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே — காதுகுத்துக்கும் பேனர், கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர். இவள் வேலைக்குப் போனபோது வண்ணாரப்பேட்டையில் பிரிண்ட் போட்டு பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். பெயர், ஊர், எந்தப் பிரிவு என்று வாசகம் முழுக்க நான் எழுதிக் கொடுத்தது. போதாதென்று அதைப் படமெடுத்து என் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டேன். லைக் குவிந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. அதில் ஒரு லைக் அவனுடையதா?

சாயங்காலம், கேம்ப்பில் போன் கையில் கொடுக்கும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"வூட்டுக்கு வந்துடு கண்ணு. கூடை தூக்கியாவது பொழச்சிக்கலாம்."

"நான் இன்னாத்துக்கும்மா வரணும்? போட்டோ எடுத்தவன் போவட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆபீசர் மேடத்தாண்ட கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்துட்டேன். குடுத்தது நான்தான்னு இந்நேரம் அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்மா."

அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு மீன்காரம்மா என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். போனை நடுவில் வைத்துவிட்டு இருவரும் அவள் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறோம். ஐந்து நிமிடம் தாமதமானாலும் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கிறார்.

என் பதிவை அழித்துவிட்டேன். யார் அந்தப் பெண், பெயர் என்ன என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்... ஒரு தடவை ஊருக்கே சொன்னவள் நான்.