முல்லை வேருக்கு ஒரு கூரை

மலாயாவில் பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அங்கம்மா, லயத்து வாசலில் ஒரு முல்லைக்கொடி வளர்த்தாள். 1931இல் அவள் கணவன் வீரணன் மலைக்காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். "அவரை எழுப்பிவிடு தாயே, என் கொடியில் பூக்கும் முதல் பூவை மாலையாகச் சாத்துகிறேன்" என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிய பிறகு கடைப்பூ கூடாது.

கொடியோ மூன்று வருடமாக இலையாகவே படர்ந்திருந்தது. தினமும் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

"ஊட்டி ஊட்டியே கெடுத்துட்ட புள்ள. இலையை உருவிட்டு வேரைக் காயப்போடு. தவிச்சாத்தான் பூக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி.

"இந்த ஊரு மழையில எங்கக்கா காயுறது?"

இலையை உருவினாள். மழை நிற்கவில்லை. தன் கூரையிலிருந்தே அத்தாப்பு ஓலைகளைப் பிடுங்கி வேரடியை மூடினாள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாள். வீட்டுக்குள் ஒழுகியது. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் கணுக்களில் மொட்டு கண்டது. அன்று காலையிலேயே ஆஸ்பத்திரி ஆள் வந்து, வீரணனுக்கு நினைவு தப்பிவிட்டது என்று சொல்லிப் போனான். அங்கம்மா அரிசி மணி அளவே இருந்த பச்சை மொட்டுகளைக் கிள்ளத் தொடங்கினாள்.

ராக்காயி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அடியே, இன்னும் நாலு நாள் பொறுத்தா பூத்துரும். இதை எப்படிடி தொடுப்ப?"

"நாலு நாள் அவரு இருப்பாரா? நீயே சொல்லுக்கா!"

ராக்காயி பிடித்த கையை விட்டாள். வீட்டுக்குள் போய் ஊசியும் நூலும் எடுத்துவந்து, காம்பில்லாத அந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கோக்க ஆரம்பித்தாள்.