பன்னிரண்டு வாளித் தக்காளி

மருந்துக்கடையில் இருபது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு அவள் புருஷனின் பட்டறை ஆட்கள் வைத்த பேர் ‘கிராம்’. கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. உப்பைக்கூடத் தராசில் வைத்துத்தான் போடுவாள் மகராசி. ருசி பார்க்கும் பழக்கமே கிடையாது. மருந்து எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தது, வீட்டு அடுப்புவரைக்கும் கூடவே வந்துவிட்டது.

அந்த வீட்டில் நாக்கு என்றால் அவருடைய நாக்குதான். அவர் பஸ் பட்டறையில் வெல்டர். மொட்டை மாடியில் காலி பெயிண்ட் வாளிகள் பன்னிரண்டில் தக்காளி வளர்க்கிறவர். பழத்தைக் கடித்தால் எந்த வாளியில் காய்த்தது என்று சொல்லிவிடுவார். நம்பாத பட்டறைக்காரர்கள் கண்ணைக் கட்டிச் சோதித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர் பொறுப்பு. இவள் பக்கத்தில் நின்று, அவர் அள்ளுகிற ஒவ்வொரு கைப்பிடியையும் எடைபோட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். எழுதிவைத்தால் ருசி வந்துவிடுமா என்று அவர் சிரிப்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தக்காளி முதலில் பழுக்கிற சமயம், பட்டறை ஆட்கள் எட்டுப் பேரும் மாடிக்குச் சாப்பிட வருவார்கள். தக்காளிக் குழம்பும் ரொட்டியும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருஷம்வரை அதைப் பற்றியே பேசுவார்கள். அன்றைக்கு மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

இந்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவருடைய வாசனையையும் ருசியையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் திரிந்துபோன பாலை ஒரு டம்ளர் நிறைய, முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். அப்போதுதான் இவளுக்கு விஷயம் புரிந்தது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை, யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. செடிகளுக்கு இவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

பழம் சிவந்ததும் அவரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“ஆளுங்கள வர வேண்டாம்னு சொல்லிடறேன். இந்த வாளியெல்லாம் எடுத்துப் போட்டுடலாம். எனக்கு எதுக்கு இனிமே?”

அவளுக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷம் வளர்த்ததைக் குப்பையில் போடுவதாமே.

“வரச் சொல்லுங்க. நான் வைக்கிறேன்.”

நாக்குப் போன விஷயம் பட்டறையில் யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை நோட்டைப் பிரித்து வைத்தாள். தக்காளி மூன்று கிலோ, வெங்காயம் எழுநூறு கிராம், உப்பு நாற்பது கிராம். இம்மி பிசகாமல் போட்டாள். குழம்பு கொதித்து இறங்கியது. நிறமும் பதமும் சரியாகத்தான் இருந்தன. ருசி சொல்ல வேறு ஆள் இல்லையே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். சப்பென்று இருந்தது. நோட்டை மூன்று தடவை சரிபார்த்தாள். பாவம், நோட்டின் மேல் தப்பில்லை. ஒரே அட்டையில் இருக்கிற மாத்திரை எல்லாம் ஒரே வீரியம் என்று பழகினவள், தக்காளியையும் அப்படியே நினைத்துவிட்டாள். மருந்துக்கடைக்காரி புத்தி வேறு எப்படிப் போகும்?

மாடிக்கு ஓடினாள். பன்னிரண்டு வாளியிலும் ஒவ்வொரு பழமாகக் கடித்துப் பார்த்தாள். போன வாரம் கொட்டின மழையில் நனைந்த ஒன்பது வாளிகளில் பழம் பார்க்கத்தான் கொழுகொழுவென்று இருந்தது, உள்ளே வெறும் தண்ணீர். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி மழை படாமல் நின்ற மூன்று வாளிகளிலோ சின்னச் சின்னப் பழங்கள், தடித்த தோல். கடித்ததும் புளிப்பு சுள்ளென்று ஏறியது. அதற்குப் பின்னாலேயே ஓர் இனிப்பு வந்தது. அங்கேயே நின்று இன்னொன்றைக் கடித்தாள். அட, தனக்கும் தெரிகிறதே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

அந்த மூன்று வாளியையும் மொட்டையடித்து, பழங்களை வதக்கிக் குழம்பில் சேர்த்தாள். மழைத் தண்ணீர் சுண்டும்வரை கொதிக்கவிட்டாள். ருசி பார்த்தாள், உப்பைக் கையால் கிள்ளிப் போட்டாள், மறுபடி பார்த்தாள். தராசை எடுக்கவே இல்லை.

மத்தியானம் எட்டுப் பேரும் மாடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெல்டர் பரிமாறுகிற சாக்கில் தட்டுப் போடாமல் நின்றுகொண்டார். பட்டறை ஃபோர்மேன் குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். அவர் முதல் வாய் வைத்ததுமே மெல்லுவதை நிறுத்திவிட்டு வெல்டரை நிமிர்ந்து பார்த்தார்.

“இது உன் கை இல்லையே.”

எல்லாரும் வெல்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். வெல்டர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் சமாளிக்கவில்லை.

“என் கை இல்லண்ணே. மூணு மாசமா எனக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல. உப்பும் மண்ணும் ஒண்ணுதான். இது முழுக்க இவ வச்சது. ருசி பார்த்ததும் இவதான்.”

சொல்லும்போது அவர் குரல் ஓங்கித்தான் வந்தது. ஃபோர்மேன் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, காலித் தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

“இவனுதுக்கு ஒரு படி மேலதான் இருக்கு தங்கச்சி. இன்னும் ஊத்து.”

வெல்டர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் ஊற்றினாள். ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, எப்படி இருக்கிறது, நீயே சொல்லு என்றார்.

“முதல்ல புளிப்பு, சுள்ளுனு. கொஞ்சம் பொறுங்க. இப்ப இனிப்பு வரும். மழைல நனையாத பழம்ங்க, அதான்.”

அவர் கண்ணை மூடி நிதானமாக மென்று விழுங்கினார்.

“நாளைக்கே ஒரு கம்பிச் சட்டம் வெல்ட் பண்ணி, மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டுடறேன். மத்த ஒன்பது வாளியும் இனிமே நனையக் கூடாது.”