கலை அக்கா மேலே பார்த்தபடி இருக்கிறார்

கலை அக்கா இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்தது. பெரம்பலூரில் எங்கள் பிளெக்ஸ் கடையைத் திறந்து, மெஷினைப் போட்டுவிட்டு போனைப் பார்த்தால், கீழப்பழுவூரிலிருந்து அவருடைய அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். அடியில், ‘கண்ணீர் அஞ்சலி, பத்துக்கு எட்டு, மதியத்துக்குள்ள வேணும்’ என்று இருந்தது. படத்தில் இருந்தவர் என்னோடு இதே கடையில் போன தை மாதம் வரை, உடம்பு படுத்தி எடுக்கும் வரை, வேலை பார்த்தவர். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது ஆறவில்லை. அக்காவைத் தெரிந்தவர்கள் இந்தக் கோபத்துக்காக என்னை மன்னிக்க வேண்டாம். கூடச் சேர்ந்து கோபப்பட்டால் போதும்.

கலைச்செல்வி என்ற கலை அக்காவை உங்களில் பலர் கடையில் பார்த்திருப்பீர்கள். அடித்து வரும் பிளெக்ஸுக்கு ஓரம் ஒட்டி, வளையம் பொருத்தி, சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறவர். கணவர் விட்டுப் போன பிறகு, சொந்தச் சம்பாத்தியத்தில் கீழப்பழுவூரில் தகர ஷீட் போட்ட சின்ன வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் வந்து போனார். யார் போன் செய்து “கடை எங்க இருக்கு?” என்று கேட்டாலும், “இங்கதான் இருக்கோம், வாங்க” என்று சொல்லி வைத்துவிடுவார். வழி கேட்டவர் மறுபடி கூப்பிடுவார். நான் தலையில் அடித்துக்கொண்டு வழி சொல்வேன்.

ஒருமுறை திருமானூர்க்காரர் ஒருவர் கல்யாணப் பேனரில் மண்டபத்துக்கு வழியும் போடச் சொன்னார். கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஊரைத் தேடிக்கொண்டிருந்தேன். வைக்கோல் போர் மேலும் மாட்டுக் கொட்டகை மேலும் நிறம் நிறமாகக் கட்டம் தெரிந்தது. மழைக்குப் போர்த்தியிருந்த பழைய பிளெக்ஸ். அக்கா பின்னாலிருந்து கத்தினார்: “ஏ மீனா, அது நம்ம பிரிண்டுடி! அந்த மஞ்ச நம்ம மஞ்சதான்!” முகம் எதுவும் தெரியவில்லை, நிறம் மட்டும்தான். ஆனாலும் அன்றைக்கு அக்காவைப் பிடித்தது பித்து. வேற்றுக் கிரகத்தில் அறிவுள்ள யாராவது இருந்து, நம்மை உற்றுப் பார்த்தால் முதலில் எது கண்ணில் படும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். ‘நம்ம பிளெக்ஸ்தான்’ என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

அவரோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்றவர் பக்கத்து டீக்கடை இஸ்மாயில் பாய் ஒருவர்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் இருந்துவிட்டு வந்தவர். கிடைக்கிற வீடியோவையெல்லாம் பார்ப்பவர்.

“இருப்பாங்கக்கா. இம்மாம் பெரிய வானத்தப் படைச்சுட்டு அல்லா நம்மளோட நிறுத்தியிருப்பானா? ஆனா நம்மளக் கண்டுபிடிக்க மாட்டாங்க. ரொம்பத் தூரத்துக்கு வெளிச்சம் போய்ச் சேரவே கோடிக்கணக்குல வருஷம் ஆவுமாம். அங்கேருந்து ஒருத்தன் இப்ப அரியலூரப் பார்த்தா, இங்க கடல்தான் தெரியும்.”

ஒரு காலத்தில் கடலடியாக இருந்த அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கல்லாகிப்போன நத்தையையும் சிப்பியையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அக்காவுக்கும் விளங்கியது. ஆனால் ஒத்துக்கொள்கிற ஆளா அவர்?

“தெரியட்டும் பாய். அந்த நத்தை யாரக் கேட்டுக்கிட்டு கல்லாச்சு? இன்னும் கெடக்குதுல்ல? நம்ம பிளெக்ஸ் மக்கவே மக்காது. என்னிக்காவது எவனாவது பார்ப்பான்.”

“பார்த்துட்டு சண்டைக்கு வந்தா? சத்தம் காட்டாம ஒளிஞ்சிருக்கிறதுதான் நல்லதுன்னு படிச்சவங்களே சொல்றாங்க.”

“நான் ஏன் ஒளியணும்? ஒளிஞ்சது போதும்” என்றார் அக்கா. டீயை வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார்.

அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் மகள் வெண்ணிலாவின் கல்யாணப் பேனரை எங்கள் கடையில்தான் அடித்தோம். அண்ணன் கொண்டுவந்த படங்களில் சொந்தக்காரர் எல்லோரும் இருந்தார்கள், தொட்டிலில் கிடந்த குழந்தை உட்பட. அக்கா இல்லை. நான் கேட்டதற்கு, அக்காவை வைத்துக்கொண்டே அண்ணன், “நல்ல காரியத்துல வாழாதவ மூஞ்சி எதுக்கும்மா?” என்றார். அந்தப் பேனருக்கும் அக்காதான் சுற்றிலும் வளையம் பொருத்தினார். அண்ணன் போன பிறகு சொன்னார்:

“மீனா, நான் செத்தா என் மூஞ்சிய மட்டும் பெருசா ஒண்ணு அடி. என் வூட்டுக் கூரையில, மேல பார்த்தாப்ல கட்டு. கீழ இருக்கிறவங்க பார்க்க வேணாம்னுட்டாங்க. மேல இருக்கிறவங்க பார்க்கட்டும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே அன்று இரண்டு அடித்தேன். அண்ணன் கேட்டதில் அவரும் மகன்களும் கைகூப்பிப் பெரிதாக நிற்க, செத்துப்போனவர் ஒரு மூலையில் சின்னதாக இருந்தார். என்னுடையதில் அக்காவின் முகம் மட்டும். தோற்றம், மறைவு எதுவும் போடவில்லை. அடியில் ‘இங்கதான் இருக்கோம்’ என்று போட்டேன்.

அக்காவை எடுத்துக்கொண்டு போய் ஆண்கள் திரும்பி வந்ததும், அவர் வீட்டுச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினேன். அண்ணன் ஓடி வந்தார்.

“செத்தவ மூஞ்சியக் கூரை மேல போட்டா வூடு வெளங்குமா? எறங்கு மொதல்ல.”

“இது அவங்க கட்டுன வூடுங்க. அவங்க சொன்னதத்தான் செய்யுறேன்” என்றேன். இறங்கவில்லை.

அப்போது வெண்ணிலா வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அத்தை வூடுப்பா. அத்தை சொன்னாப்ல கட்டட்டும்” என்றாள். அண்ணன் ஏணியை விட்டு விலகிப் போனார். பகலெல்லாம் காய்ந்த தகரம் இன்னும் கொதித்தது. வளையங்களில் நைலான் கயிற்றைக் கோத்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். அக்கா கட்டுகிற அளவுக்கு விறைப்பாக வரவில்லை.

காரியம் முடிந்ததும் கழற்றிவிடுவேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். கழற்றட்டும். அக்காவை மடக்க இஸ்மாயில் பாய் சொன்ன வெளிச்சக் கணக்கு இப்போது எனக்குத்தான் துணை. அன்று சாயங்காலம் அக்காவின் முகத்தில் பட்டுத் திரும்பிய வெயில் கீழப்பழுவூரைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி, எப்போதோ போய்விட்டது. அதைத் திரும்பக் கூப்பிட எந்த அண்ணனாலும் முடியாது. எவராவது இருந்தால் பார்க்கட்டும். எவரும் இல்லாவிட்டாலும் அது போய்க்கொண்டுதான் இருக்கும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டேன். நேற்று ஒருவர் போன் செய்து கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். வழி சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

“இங்கதான் இருக்கோம். வாங்க.”