இரண்டாம் முறை வந்த இரண்டு நாற்பது

எங்கள் மகளுக்குப் பிறகு அதே ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை அவளைவிட அரை மணித்தியாலம் மூத்தது. பலெர்மோ ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இத்தாலியில் வருடத்துக்கு இரண்டு தடவை மணியை மாற்றுவார்கள். மார்ச் கடைசியில் ஒரு மணித்தியாலத்தை எடுத்துவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் அதைத் திருப்பித் தருவார்கள். ஞாயிறு விடிவதற்கு முன் மூன்று மணி ஆனதும், அதை மறுபடி இரண்டு என்று வைத்துவிடுவார்கள். வந்த புதிதில் ஒருவர் இதைச் சொன்னபோது, ஆள் புதிது என்று என்னைப் பகிடி பண்ணுகிறார் என்றே நினைத்தேன். நான் வீடு துடைக்கப் போகும் சிஞ்ஞோரா மட்டும் ஒவ்வொரு வருடமும், ஒரு மணித்தியாலம் கூட நித்திரை கொண்டேன் என்று சந்தோஷப்படுவார்.

மகள் அப்படியான ஓர் இரவில் பிறந்தாள். தாதி கடதாசியில் எழுதித் தந்த நேரம் இரண்டு நாற்பது. நான் வெளியே வாங்கில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். அந்த இரவில் இரண்டு நாற்பது இரண்டு தடவை வந்தது என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

யோசித்தவர் கொழும்பில் இருந்த சாத்திரியார். அந்த வருடம் எங்கள் நாட்டிலும் மணியை முன்னே தள்ளியிருந்தார்கள். கொழும்பில் புது நேரம், இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் பழைய நேரம். அதனால் யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் அவர் ஒருமுறை சந்தேகப்படுவார். என் மனைவியின் தாய் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். பிள்ளையின் சாதகத்தை எழுதக் கொடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, சாத்திரியார் கேக்கிறார், அது முதல் வந்த ரெண்டு நாப்பதோ, பிறகு வந்ததோ எண்டு."

"ஒரு ரெண்டு நாப்பதுதானே மாமி."

"உங்கடை ஊரிலை அண்டைக்கு ரெண்டாம். பிறகு வந்ததெண்டால் ஒரு குறையும் இல்லையாம். முதல் வந்ததெண்டால்…" மாமி குரலைத் தாழ்த்தினார். "மாமனுக்குக் கூடாதாம். ஒரு வருசத்துக்கு அவன் தண்ணி தாண்டப்படாதாம்."

மகளுக்கு மாமன் ஒருவன்தான். என் மனைவியின் தம்பி, இருபத்திரண்டு வயது. மாமியோடு அதே லொட்ஜில் ஏஜென்சிக்காரன் நாள் சொல்லும்வரை காத்திருந்தான். துருக்கிக்கு விமானம், அங்கிருந்து இத்தாலிக்குக் கப்பல். இதற்குள் தமிழ் இளந்தாரிகளைத் தேடிப் பொலிஸ்காரர் இரண்டு தரம் லொட்ஜைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒருமுறை அவனைக் கொண்டுபோய் நான்கு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் அந்த நான்கு நாளைப் பற்றித் தாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"கூடாதெண்டால் நான் அவனை அனுப்பமாட்டன். வடிவா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார் மாமி.

மனைவியைக் கேட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நான் கிடந்த கிடையிலை மணிக்கூடே பாத்தனான்? வெளியிலை காவல் இருந்தவர் நீங்கள்தானே."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவுக் கந்தோர் யன்னலுக்கு முன்னால் என் முறை வந்தபோதும் இரண்டு பேரை முன்னே விட்டேன். உள்ளே இருந்த பெண் கடதாசியை வாங்கிப் பார்த்தார்.

"இரண்டு நாற்பது என்றால் இரண்டு நாற்பதுதான். செக்கனும் வேண்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற ஆட்களைக் கடந்து வெளியே போவது எனக்குப் பெரிய காரியம். அதனால் அங்கேயே நின்றேன். அவர் பெருமூச்சு விட்டுப் பதிவேட்டைத் திறந்தார். அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மடோன்னா, மாதாவே. இங்கே பாருங்கள். உங்கள் மகள் இரண்டு நாற்பது. அடுத்த வரியில் ஒரு பையன், இரண்டு பத்து. அவளுக்குப் பிறகு வந்து அவளுக்கு அண்ணனாகிவிட்டான்."

பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எண்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான், அவற்றை வாசிக்க என்னுடைய ஐந்தாம் வகுப்பு போதும். மணியைப் பின்னே தள்ளிய பிறகு பிறந்தவன் அந்தப் பையன். என் மகள் அதற்கு முன்பே பிறந்துவிட்டாள். முதல் வந்த இரண்டு நாற்பது.

பஸ் எடுக்காமல் வுச்சீரியாச் சந்தை வழியாக நடந்தேன். மீன் கழுவிய தண்ணீர் தெருக்கல்லுகளுக்கு மேலால் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டக் கால் வரவில்லை. சுற்றிப் போனேன்.

ஒரேத்தோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துசேரும்வரை இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு சாத்திரியாரின் சொல். மறுபக்கம் லொட்ஜின் கதவைத் தட்டும் ஆட்கள். அவர்களை அவர் கணித்துச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் இரண்டு தரம் வந்துவிட்டுப் போனவர்கள்.

"பிறகு வந்தது, மாமி" என்றேன் தொலைபேசியில்.

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"ஓம். புத்தகத்திலையே பாத்தனான்."

மாமி அழுதார். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடிப்பைத் தொடர்ந்தாள்.

மூலைகளில் மஞ்சள் பூசிய சாதகம் தபாலில் வந்தது. மனைவி அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். மாரி தொடங்கியபோது துருக்கியிலிருந்து மனைவியின் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், நாளைக்கு வெளிக்கிடுறம். மருமோளுக்கு என்ன வேணுமாம்?"

"நீ வந்து சேர். அது போதும்."

"வாறன். இஞ்சை சரியான குளிர். எனக்கொரு சுவெற்றர் எடுத்து வையுங்கோ. உங்கடை அளவிலை எடுக்காதேங்கோ, எனக்கு அந்த வண்டி வயிறு இல்லை."

அவன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

சந்தையில் நீல நிறத்தில் ஒரு சுவெற்றர் வாங்கி வைத்தேன். தை போனது, மாசி போனது. ஏதோ ஒரு தீவில் வைத்திருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்றான் ஏஜென்சிக்காரன். பிறகு அவனுடைய நம்பரும் வேலை செய்யவில்லை. காற்றடிக்கும் நாட்களில் சிஞ்ஞோராவின் மேல்மாடியில் யன்னல் துடைக்கும்போது கடல் பொங்குவது தெரியும். அந்த யன்னலை முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைக்கப் பழகினேன்.

மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். "சாதகத்திலை குறையில்லைத்தானே தம்பி. அதுதான் நான் பயப்பிடேல்லை" என்பார். ஒவ்வொரு கிழமையும் அதே சொல்.

மார்ச் கடைசி ஞாயிறு காலை, மணியை முன்னே தள்ளுவதற்காகச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றினேன். பின்பக்கத்துத் திருகியைத் திருகாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக் கட்டிலில் இருந்தாள்.

"நான் மாமிக்குப் பொய் சொன்னனான்" என்றேன். "இவள் பிறந்தது முதல் வந்ததிலை."

"தெரியும்."

"எப்பிடி?"

"எனக்குத் தையல் போடேக்கைதான் தாதி கதிரையிலை ஏறி மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினவ. இவள் அப்பவே என்ரை நெஞ்சிலை கிடந்தவள்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சிருந்தால் நீங்கள் பொய் சொல்லியிருக்கமாட்டியள். அவன் அங்கையே கிடந்திருப்பான்."

நீலச் சுவெற்றர் அலமாரித் தட்டில், வாங்கிய பையோடு இருந்தது.

தொலைபேசி அடித்தது. நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மாதான். எடுங்கோ" என்றாள். "குறையில்லை எண்டே சொல்லுங்கோ."

எடுத்தேன். மாமி வழக்கம்போல முதலில் நேரத்தைத்தான் கேட்டார்.

"அங்கை இப்ப என்ன நேரம் தம்பி?"

கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். அதை நான் இன்னும் மாற்றவில்லை.