மீசை இல்லாத வாரத்தில் வந்த பேட்டி

பெருமாளுக்கு முடி கொடுத்துவிட்டு திருப்பதி மலையிலிருந்து இறங்கிய மறுநாள்தான் டிவிக்காரர் வந்தார். வடமாலபேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிலிட்டரி சார் உள்ள இருக்காரா அண்டி?" என்றார், தெலுங்கு கலந்த தமிழில்.

"நான்தான்."

"நீங்க இல்ல. பெரிய மீசம் இருக்குமே, அந்த சார்."

செல்போனை நீட்டினார். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிய போட்டோ. அதில் நானும் என் மீசையும் நின்றுகொண்டிருந்தோம். பேத்தி நல்லபடியாகப் பிறந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முடி என்றால் தலைமுடி மட்டும் என்று பெருமாளிடம் கணக்குப் பேச முடியுமா? சவரக்கத்தி தலையில் ஆரம்பித்து மூக்குக்குக் கீழே வந்துதான் நின்றது.

"ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றேன்.

"சுதந்திர தினம் அதுக்குள்ள பூடும் சார்" என்று செருப்பைக் கழற்றினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் பட்டாளத்தில் என் வேலையே இதுதான். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் துப்பாக்கியைத் தூக்கியதைவிடக் கேமரா பையைத் தூக்கியதே அதிகம். பத்திரிகைக்காரர்களோடு பேசுவதற்கென்றே ஒரு கர்னல் இருந்தார். நான் அவருடைய ஆபீசில். டில்லியிலிருந்து வருகிறவர்களுக்குக் கோட்டு கொடுப்பது, டீ கொடுப்பது, மலைமேல் காவல் முகாமுக்குக் கூட்டிப்போவது, எதைப் படம் எடுக்கக் கூடாதோ அதற்கு முன்னால் போய் நானே நின்றுகொள்வது. பனிமலைக்குச் சாதாரண செருப்பில் வந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் ஒரு சிப்பாயிடம், "இங்கே சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று மைக்கை நீட்டினார். சிப்பாய் என்னைப் பார்த்தான். நான் கர்னலைப் பார்த்தேன். கர்னல் மலையைப் பார்த்தார். கடைசியில் அவன், "லீவு கிடைத்தால் சந்தோஷம்" என்றான். அன்றைக்கு வந்த பேட்டிகளில் அதுதான் நல்ல பேட்டி. ஆனால் அது பேப்பரில் வரவில்லை.

கர்னல் ஒன்று சொல்லுவார். நிருபர் கேட்டால் நமக்கு மூன்றே பதில்தான். தெரியும் என்றால் சொல். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். சொல்லக் கூடாதது என்றால், சொல்லக் கூடாது என்று சொல். நாலாவதாகப் பொய் என்று ஒன்று கிடையாது. சும்மா இருப்பதும் கூடாது; நீ சும்மா இருந்தால் அவன் உன் வாயில் அவன் பதிலை வைத்துவிட்டுப் போவான் என்பார்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் மறந்தேன்.

என் இடது முழங்கால் சரியாக மடங்காது. எல்லையில் அடிபட்டதுதான், பொய்யில்லை. ஒரு நாள் பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேரை மேலே கூட்டிப் போனோம். சாமான் தூக்க ஒரு கோவேறு கழுதை. அதுவும் பட்டாளத்து ஆள்தான். எனக்கு நம்பர் இருந்தது, அதற்கும் குளம்பில் நம்பர் இருந்தது. மூட்டையோடு அது ஏறுவது அழகாக இருந்ததால், கேமராவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பின்னால் போகாதே என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உதைத்தது. விழும்போதும் கேமராவைக் கைவிடவில்லை. விரல் அழுத்தியதில் ஒரு படமும் விழுந்தது. பாதி வானம், மேலே ஒரு வால்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சித்தூரிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, சம்மந்தி என் நடையைப் பார்த்துவிட்டு, "கால்ல இன்னா?" என்றார். என் வீட்டுக்காரி, "பார்டர்ல அடிபட்டது" என்றாள். "குண்டா?" என்றார் அவர். அவள் தரையைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவருடைய பதில் என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சம்மந்திக்கு வெல்ல மண்டியில் தரகு வேலை. மனசும் வெல்லம்தான், பேச்சும் பாகு மாதிரி நீளும். கல்யாணத்தன்று ஒரு குண்டாக இருந்தது, பேத்திக்குப் பேர் வைத்த புண்ணியதானத்தன்று மூன்றாகியிருந்தது. அவர் வீட்டில் எனக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று. மகள் தோசையைத் தீய்த்தாலும், "உடு, குண்டு துன்ன மனுசன் பொண்ணு" என்று சமாதானம் செய்வார். அவள் டீச்சர் படிப்புக்காகத் தினமும் திருப்பதிக்குப் பஸ் ஏறுகிறாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "வீரன் பொண்ணு, படிக்கட்டும்" என்று சம்மந்தி சொன்ன ஒரே வார்த்தையில்தான் அந்தப் படிப்பு நிற்கிறது.

அதனால்தான் டிவிக்காரர் மைக்குக்கு ஒயர் சொருகிக்கொண்டிருக்கும்போதே மகள் போன் செய்தாள். அம்மாக்காரி அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

"நைனா, நீ அந்தக் கழுத கதைய இழுக்காத. பரீட்சைக்கு இன்னும் மூணே மாசம் கீது. பாஸ் பண்ணிட்டு நானே மெதுவா சொல்லிக்கிறேன்."

"சரிம்மா" என்றேன். அது சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

டிவிக்காரர் யோசனையில் இருந்தார். "சார், மீசம் இல்லாம மிலிட்டரின்னா ஜனம் நம்பாது. கண் மை இருக்குதா?" என் வீட்டுக்காரி உள்ளே போய்ப் பேத்திக்கு வைத்திருந்த மை டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"எதுக்கும்மே?"

"கொஞ்சூண்டு தீட்டிக்கினா இன்னா இப்போ? தண்ணி ஊத்தினா பூடும்."

"மலைமேல குடுத்துட்டு வந்தத கீழ வந்து திருப்பி வாங்கிக்கினா மாதிரி ஆவாதா?"

அவள் டப்பாவை மூடினாள். மொட்டைக்குத் தலைப்பாகை கட்ட மட்டும் ஒத்துக்கொண்டேன்.

பேட்டி நன்றாகத்தான் போனது. குளிர் பற்றிக் கேட்டார், சாப்பாடு பற்றிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், குண்டு பாய்ஞ்ச அந்த நிமிஷம்?"

கதவோரம் வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள், சாமியையா என்னையா தெரியவில்லை. எனக்கு மகளுடைய பஸ் பாஸ் ஞாபகம் வந்தது. கர்னல் ஞாபகமும் வந்தது. தலையில் சந்தன வாசனை வேறு. மொட்டை போட்ட தலையோடு பொய் சொன்னால், அடுத்த முறை எந்த முகத்தோடு படி ஏறுவது? "குண்டு இல்லீங்க, கோவேறு கழுதை" என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னேன்.

அவர் செல்போனைக் கீழே இறக்கினார். "இது வேணாம் சார்."

"இதுதான் நடந்துது."

"சரே" என்று மறுபடி தூக்கினார். அந்த 'சரே'யை எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் வீடியோ வந்தது. கழுதையைக் காணோம். நான் பேசாமல் வானத்தைப் பார்க்கிற ஒரு துண்டு, பின்னால் டப்டப்பென்று துப்பாக்கிச் சத்தம், ஒரு சோக வயலின். கண்ணில் தண்ணீர் வேறு. அது வேர்வையில் சந்தனம் கரைந்து கண்ணில் இறங்கியது. 'சொல்ல வார்த்தையில்லாத வீரர்' என்று எழுத்து ஓடியது. வார்த்தையெல்லாம் அவரிடம்தான் இருந்தது. அந்தச் சிப்பாயின் லீவு ஞாபகம் வந்தது. அந்த வரியை அடித்தது யார் என்று இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை. கர்னல் நீட்டிய தாளில் சிவப்புப் பேனாவைப் பிடித்த கை இந்தக் கைதான்.

உடனே சம்மந்தி போன். "சம்மந்தி! மண்டில எல்லாரும் பாத்துக்கினுகீறாங்க! அழுதுட்டன்யா நானு!"

இனி சும்மா இருந்தால் அது டம்ளரைப் பார்ப்பது இல்லை, பெரிய பொய். மறுநாள் விடிகாலை லட்டுப் பிரசாதத்தையும் அந்த வால் போட்டோவையும் பையில் போட்டுக்கொண்டு சித்தூருக்குப் பஸ் ஏறினேன். திருப்பதியில் மாறி, புத்தலப்பட்டு தாண்டும் வரைக்கும் கோவிந்தா கோவிந்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மகள் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "நைனா, வேணாம்" என்று வாய் மட்டும் அசைந்தது.

கை வைத்த நாற்காலி காத்திருந்தது. நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிரசாதத்தை அவர் கையில் வைத்துவிட்டு, "சம்மந்தி, இத துன்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மாமியார் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"கேமரா ஒடஞ்சுதா?" என்றார் சம்மந்தி, லட்டைக் கையில் பிடித்தபடியே.

"இல்ல."

"படம்?"

போட்டோவைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்து இருமி, லட்டு உதிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு வருஷமா உங்க முன்னால சத்தமா சிரிக்கக்கூட பயந்துக்கினு இருந்தன்யா! குண்டு துன்னவராச்சேன்னு!" என்றார்.

"வீரன் பொண்ணு படிக்கட்டும்னீங்களே..." என்று மாமியார் மெல்ல ஆரம்பித்தார்.

சம்மந்தி திரும்பினார். "கழுத ஒதைக்கும்போது கூட கேமராவ உடாதவரு பொண்ணு, படிப்ப உட்ருவாளா? மணியாவுதும்மா, பஸ்ஸு பூடும், கெளம்பு."

மாமியார் டிபன் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மகள் என்னை முறைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். தெருமுனை திரும்பும்போதுதான் சிரித்தாள். நான் பார்த்தேன்.

அந்தப் போட்டோ இப்போது மண்டியில் தராசுக்கு மேலே பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறதாம். நேற்று மகள் போனில் சொன்னாள்: "நைனா, மாமா கதைல இப்ப கழுத மூணாயிட்ச்சு."

மீசை பாதி வளர்ந்துவிட்டது. ஒரு கழுதைதான் என்று சொல்லிவிட்டு வர மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.