மேயரை நீக்கிய சமையற்காரர்

போரில் தோற்றுவிட்டோம் என்ற செய்தி ஜெர்மனியின் சிற்றூரான லிண்டன்பாக்குக்கு வந்த அன்றே ஆல்வின் குன்ஸேயும் ஊர் வந்து சேர்ந்தார். 1918, நவம்பர். பக்கத்து ஊர் ராணுவக் கிடங்கில் அவர் சமையற்காரர். முந்தின நாள் விடிந்து பார்த்தால் ஓர் அதிகாரியையும் காணோம். சாதா உடுப்பு மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். ராணுவச் சொத்தை யாரிடம் ஒப்படைப்பதென்று மதியம்வரை காத்திருந்த ஆல்வின், கடைசியில் சமையல் வண்டியில் கிழட்டுக் குதிரையைப் பூட்டி, மிச்சமிருந்த பட்டாணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

சந்தைச் சதுக்கத்தில் பெருங்கூட்டம். சக்கரவர்த்தி கைசர் ஹாலந்துக்கு ஓடிவிட்டார், எல்லா ஊரிலும் தொழிலாளர்-சிப்பாய் சபை வைத்துவிட்டார்கள், நமக்கும் ஒன்று வேண்டும் என்று தூரிகைத் தொழிற்சாலைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். தலைவர் யார் என்பதில் இரண்டு மணி நேரமாகச் சண்டை. பாவம், குளிரில் நிற்கிறார்களே என்று ஆல்வின் அடுப்பைப் பற்றவைத்தார். டர்னிப் கிழங்கைத் தின்றே இரண்டு குளிர்காலத்தை ஓட்டிய ஊர் அது. பட்டாணி சூப்பின் வாசனை பரவியதும் சத்தம் அடங்கிவிட்டது.

"தலைவர் யாருன்னு இன்னுமா யோசிக்கிறீங்க?" என்றார் வரிசையில் முதல் ஆளாக நின்ற தச்சர் புரூனோ. "கரண்டி யார் கையில இருக்கோ, அவருதான்!"

எல்லோரும் கை தூக்கினார்கள். தட்டு பிடித்த கையைத்தான் தூக்கினார்கள். ஆனாலும் ஓட்டு ஓட்டுதானே.

புரூனோவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆல்வின் நகரமன்றத்துக்குப் போனார். மேயர் ஓஸ்டர்லோ வழக்கம்போல் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களப் பதவியிலேர்ந்து நீக்கிட்டோம்."

மேயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எழுத்துல இருக்கா?"

"இல்லீங்க, வாயாலதான்."

"வாயால சொன்னா எப்படி, குன்ஸே? ஆணை வேணும். மூணு பிரதி. முத்திரையோட."

"புரட்சிக்கு எதுக்குய்யா முத்திரை?" என்று புரூனோ எகிறினார்.

"நாளைக்கு யாராவது வந்து கேட்டா, கோப்புல எதைக் காட்டறது?"

ஆல்வின் பேனாவை எடுத்தார். இரண்டு வரிக்குள் ஐந்து அடித்தல். மேயருக்குப் பொறுக்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி, தன்னை நீக்கும் ஆணையைத் தானே மணிமணியான எழுத்தில் எழுதினார். பாதியில் நிமிர்ந்தார்.

"'உடனடியாக'ன்னு போடவா, 'மாலை ஐந்து மணி முதல்'னு போடவா?"

"உங்க சௌகரியம்ங்க."

"அஞ்சுன்னே போட்டுடறேன். கையில கொஞ்சம் வேலை இருக்கு."

மறுநாள் ஆல்வின் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டி ரேஷன் அட்டையைத் தொலைத்தவள், காலை இழந்துவிட்டு மரக்கால் கேட்டு வந்தவன், மகன் செத்தானா பிழைத்தானா என்று கேட்கும் தகப்பன் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எந்தத் தாள் எந்த அலமாரியில் என்று ஆல்வினுக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு மேயருக்கு ஆள் போயிற்று. பழைய மேயர் 'சபை ஆலோசகர்' ஆனார். அந்த ஆணையையும் அவர்தான் எழுதினார்.

வீட்டில் மனைவி செல்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏய்யா, ஆட்சியப் பிடிச்சிட்டியாமே? நிலக்கரி எங்க?"

"ஊர்ல இல்லையே, செல்மா."

"யாரு சொன்னா? ஸ்டேஷன் கொட்டகையில மலையாக் கிடக்கு. பட்டாளத்து ரயிலுக்காம். நாலு வருஷம் வரிசையில நின்னவளுக்கு எது எங்க இருக்குன்னு தெரியாதா?"

ஆல்வின் ஆலோசகரிடம் ஓடினார்.

"அது ராணுவச் சொத்து. தொடக் கூடாது," என்றார் ஓஸ்டர்லோ.

"ராணுவம் எங்கய்யா இருக்கு இப்ப?"

ஓஸ்டர்லோ அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "கோப்புல இருக்கு."

அன்றுதான் ஆல்வின் முதன்முதலாக யாரையும் கேட்காமல், நிலக்கரியை எடுக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டார். செல்மா தெருத் தெருவாகப் பெண்களைத் திரட்டினாள். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு ஒரு கூடை நிலக்கரி போய்விட்டது. இரண்டு பிள்ளைகளைப் போரில் இழந்த ரொட்டிக்கடை விதவை ஆல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நகரமன்றத் தேர்தல் வந்தது. பெண்களுக்கும் ஓட்டு என்று சட்டமாகியிருந்தது. தொழிலாளர் கட்சிப் பட்டியலில் பெண் பெயர் ஒன்றாவது வேண்டுமென்று செல்மாவையும் சேர்த்தார்கள். பட்டியலில் எத்தனையாவது இடம் யாருக்கு என்று கூட்டம் போட்டு ஓட்டெடுத்தபோது அவள் இரண்டாவதாக வந்தாள். ஆல்வின் பதினோராவது. பட்டியலில் முதல் எட்டுப் பேர் ஜெயித்தார்கள்.

"சூப்பு தீந்துபோச்சேப்பா," என்று புரூனோ ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்வின் கேட்டார்: "உண்மையச் சொல்லு. கூட்டத்துல எனக்குத்தானே ஓட்டு போட்ட?"

"ரகசிய வாக்குன்னா என்னன்னு மேடையேறி விளக்கினது நீதானே?"

சபை கலைந்தது, ஆல்வின் போருக்கு முன் வேலை பார்த்த தூரிகைத் தொழிற்சாலைக்கே திரும்பினார். செல்மா ஊர்க் குழந்தைகளுக்குப் பால் வேண்டுமென்று மன்றத்தில் முதன்முதலாகப் பேசிய அன்று, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவள் முடிக்கும் முன்பே கைதட்டிவிட்டார். பார்வையாளர் கைதட்டுவது விதிக்கு விரோதம் என்று காவலாளி அவரை வெளியே கொண்டுபோய் விட்டான். மீதிப் பேச்சை அவர் கதவில் காதை வைத்துத்தான் கேட்டார்.