வேலை நேரத்தை மாற்றலாமா என்று கேட்டார்

ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். டென்மார்க்கில் நான் வேலை பார்க்கும் பேக்கரியின் முதலாளி மெட்டே, போன மாதம் தன் கையால் எனக்குக் காப்பி கலந்து கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். என்னைக் காலை வேலையிலிருந்து மாலைக்கு மாற்ற விரும்புகிறாராம். ஒப்பந்தத்தில் காலை என்றுதான் இருக்கிறதாம், அதனால் என் சம்மதம் வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட உடனே பேனாவை எடுத்துவிட்டேன். அவர் பதறிப்போய் அதை வாங்கி வைத்துக்கொண்டார். "டெங்க் ஓவர் டே" என்றார். யோசித்துப் பாருங்கள் என்று அர்த்தம். என்னை ஆழம் பார்க்கிறார் என்று பயந்து, இன்னும் பெரிதாகச் சிரித்து வைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கடலோர விடுதியில் வரவேற்பறை வேலையில் இருந்தேன். புதுப்பட்டினத்திலிருந்து நானும் என் தோழி செல்வியும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னிலேர்ந்து ரெண்டு பேரும் லாண்டிரி. சீசன் இல்லாத மாசம் சம்பளம் கெடையாது. இஷ்டம் இல்லன்னா வூட்ல இருந்துக்குங்க."

நான் "சரிங்க சார்" என்றேன். செல்வி மட்டும், "சேரும்போது பேசினது இன்னா ஆச்சு சார்?" என்றாள். கேட்டது அவ்வளவுதான். மறுநாள் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பது என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இந்த முறை சரி என்றால், எட்டு வயது மகள் மாலை முழுதும் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். கணவருக்கு ஹோட்டலில் இரவு வேலை. முடியாது என்றால் இருக்கிற வேலையும் போய்விடுமே. கடைசியில் மெட்டேயிடம் போய் "நை" என்றேன். முடியாது என்பதற்கு இங்கே அதுதான் சொல். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "சரி, வேறு யாரையாவது கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். அவ்வளவுதானா! என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு முதலாளி கட்டுப்படுகிறாரா! பிரமித்துப்போய் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுதேன்.

அன்றே செல்விக்குப் போன் போட்டேன். இப்போது அவள் புதுப்பட்டினத்தில் ஜாக்கெட் தைக்கிறாள்.

"இன்னாடி சொல்ற? மொதலாளி கிட்டயே முடியாதுன்னியா? வேலை இன்னும் கீதா?"

"கீதுடி."

"கோவிச்சுக்கலயா அந்தம்மா?"

"இல்ல. கப்பு கழுவப் போய்ட்டாங்க."

"ஒலகத்துல அப்டியும் ஒரு எடம் கீதா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் நாளைக்கு சீக்கிரமா போய் நில்லு. லேட்டுன்னு சொல்லி அனுப்பிடப் போறாங்க" என்றாள்.

அவளைக் கேலி செய்து சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகவே பேக்கரியின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சாவியோடு வந்த மெட்டே என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"உங்கள் நேரத்தை நான் மாற்றவில்லையே?" என்றார்.

"இல்லை" என்றேன். அவர் கதவைத் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.